தசம் மூன்று மாப்பிள்ளை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு உறையை வாங்கி, கொட்டாஞ்சேனையில் கொடுக்க வேண்டும். அன்றைக்கு எனக்கிருந்த வேலை அவ்வளவுதான்.

உறைக்குள் எங்கள் லேன் மணியக்காவின் மகனுடைய சாதகமும் படமும். சண்டைக்குள் கனடா போன பெடியன். கூடவே ஒரு தாள். அங்கே அவன் விளையாடும் பேஸ்போல் கணக்காம்.

"இதையும் காட்டுங்கோ, எடுபடும்" என்றா மணியக்கா.

என்ன கணக்கென்று நான் கேட்கவில்லை. கிரிக்கெட் பார்க்கிற எனக்குத் தெரியாத கணக்கா? எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இருந்த கொழுப்பைப் பாருங்கள்.

நான் தரகன் இல்லை. வாய் சும்மா இருக்காது, அதனால் சம்பந்தம் பேசுவேன். அதுவரை பத்துப் பேசி மூன்றை ஒப்பேற்றியிருந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கதிரையில் இருப்பேன்.

செக்பொயின்ரில் ஆமிக்காரன் உறையைப் பிரித்தான். இலக்கம் இலக்கமாக இருந்த தாளைக் கண்டதும் முகம் மாறியது.

"மேக்க மொகக்த?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

மட்டை வீசிக் காட்டினேன். அவன் சராசரி இருந்த இடத்தில் விரலை வைத்தான். சைபர் தசம் மூன்று. அதற்குப் பிறகு என்னைச் சந்தேகப்படவில்லை, இரக்கப்பட்டான்.

அப்போதாவது அந்தத் தாளைச் சேட் பொக்கற்றுக்குள் ஒளித்திருக்கலாம்.

பெண்ணின் தகப்பன் பரமசிவத்தார் இளைப்பாறிய கிளாக்கர். ரேடியோவில் கிரிக்கெட் மச் கேட்டு, ஸ்கோர் எழுதியே கொப்பி முடிக்கிற மனுசன். படத்தைப் பார்க்கவில்லை, சாதகத்தைப் பார்க்கவில்லை. தாளைத்தான் எடுத்தார்.

"ஐசே, ஒரு இன்னிங்ஸுக்கு ஒரு ரன்னும் இல்லையே. கடைசியா வாற எங்கட ஆளே இதைவிட அடிப்பான்."

அந்த நாட்டில் எல்லாவற்றையும் நூறால் பிரித்துத்தான் எழுதுவார்கள் என்றேன். ஏன் பிரிக்கினம் என்று கேட்டார். குளிர் என்றேன்.

மகள் வானதி உறையில் இருந்த நம்பரை எடுத்துக்கொண்டு எழும்பினாள். தெருமுனைக் கொமினிக்கேசனில், காசு கட்டிப் பேசும் போன் கடையில், மூன்று பேரும் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளையிடம் அவள் முதன்முதலில் கேட்டது அந்தக் கணக்கைத்தான். அவன் சொல்லச் சொல்ல எங்களுக்கு ஒப்பித்தாள்.

பத்துத்தரம் மட்டை பிடித்து மூன்றுதரம் சரியாக அடித்தால் தசம் மூன்று. அங்கே அது கெட்டிக்காரன் கணக்காம். எறிகிறவன் நாலுதரம் பிழையாக எறிந்தால், அடிக்காமலே முதல் கட்டத்துக்கு நடந்து போகலாமாம். போய்ச் சேர்ந்தாலும் அது இந்தக் கணக்கில் வராதாம்.

"பத்தில ஏழு பிழை" என்றார் பரமசிவத்தார். "அதை உறையில வேற போட்டு அனுப்புறான். வெக்கமில்லையோ? வையும் போனை."

வானதி வைக்கவில்லை.

"அப்பா, அங்கிளும் பத்துப் பேசி மூண்டுதானே? அவருக்கு நீங்கள் தேத்தண்ணி குடுத்தனீங்கள்."

எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னாள். அரைமணித்தியாலம் கதைத்தாள். வெளியே பரமசிவத்தார் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

கலியாணம் ஒப்பேறியது. பதினொன்றில் நாலு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கனடாவிலிருந்து வானதி எழுதினாள்: "அங்கிள், நீங்கள் அடிக்கேல்லை, சும்மா நடந்து போய்ச் சேர்ந்தனீங்கள். அது கணக்கில வராது."

ஆகவே இன்றைக்கும் நான் தசம் மூன்றுதான்.