மறையூரில் ஊற்றிய இருபது லிட்டர்

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்தால் அது தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சின் அப்படியல்ல, அதற்குப் பொறி வேண்டும். ஆகவே ஒன்றுக்குரியதை மற்றொன்றில் ஊற்றக் கூடாது. இந்தப் பாடத்தைக் கரும்பலகையில் படம் போட்டுப் பல வருடங்களாக நடத்தி, தவறாக எழுதிய பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் சுழித்தும் வந்தவன் நான். அப்படிப்பட்ட நான்தான் ஒரு புதன்கிழமை காலை, மறையூரில், டீசல் காருக்கு இருபது லிட்டர் பெட்ரோல் அடிக்கச் சொன்னேன். அதுவும் என் மாமியாரை வண்டியில் வைத்துக்கொண்டு.

மலையாளச் சீமையின் எல்லையோரம், வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் தமிழ் மீடியம் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பௌதிக வாத்தியார். என் மனைவி கவிதாவின் பிறந்த வீடும் அருகில்தான். மாமனார் தவறிய பிறகு தென்னந்தோப்பு, நெல்வயல், நாலு மாடு எல்லாவற்றையும் அத்தை தனியாளாகப் பார்த்துக்கொண்டார். பேச்சு மிகக் குறைவு. அன்றுவரை, கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் என்னிடம் அவர் நேராகப் பேசிய வாக்கியங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். (அவற்றில் பாதி, "சாப்புடுங்க மாப்பிள்ளைங்க.")

அதே பதினோரு வருடமும் அவர் தன் தம்பியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தம்பி வெள்ளிங்கிரி, மூணாறு தாண்டி உடும்பஞ்சோலையில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தார். எங்கள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்ற முறையில் அவர் பெயர் வந்திருக்க வேண்டும். அச்சடித்தபோது அந்த ஒரு வரி விட்டுப்போயிற்று. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டு கல்யாணத்துக்கே வரவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் அப்படி நினைத்துவிட்டானே என்று அத்தை நினைத்துக்கொண்டார். இருவரும் நினைத்ததோடு சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெள்ளிங்கிரி மாமாவின் மனைவி கவிதாவுக்குப் போன் செய்தார். மாமாவுக்கு இதயத்தில் அடைப்பு. மறுநாள் பகல் மூன்று மணிக்குக் கோட்டயம் கிளம்புகிறார்கள், அடுத்த நாள் ஆபரேஷன். "அக்காவ ஒருக்காப் பாத்துட்டுத்தான் வண்டியேறுவேங்கறாரு" என்றார். கவிதா ஸ்பீக்கரில் போட்டதால் அத்தை எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போனார். பால் கறந்து முடித்து வந்து, சொம்பைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் சொன்னார்:

"மாப்பிள்ளைங்களுக்கு நாளைக்கு லீவு கெடைக்குமான்னு கேளு."

என்னுடையது பழைய சின்னப் பெட்ரோல் கார். அதன் டாஷ்போர்டில் நாலு மாதமாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது என்ன விளக்கு என்று நான் விசாரிக்கவில்லை. கண்ணை உறுத்துகிறதே என்று கவிதாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டியிருந்தேன். "பொட்டு வெச்ச வண்டியில எங்கம்மாவ மலையேத்த வேண்டாம்" என்று கவிதா சொல்லிவிட்டாள். அதனால் என் மச்சினன் சதீஷ் தன் பெரிய காரைக் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்து விட்டுப் போனான். சாவியைக் கையில் வைத்துச் சொன்னான்:

"மாமா, இது டீசல் வண்டிங்க. மறந்தறாதீங்க."

"நான் பௌதிக வாத்தியாருடா" என்றேன்.

மாடுகளைப் பார்த்துக்கொள்ளக் கவிதா நின்றுவிட, மறுநாள் விடியும்போதே நானும் அத்தையும் கிளம்பினோம். சாவியைத் திருப்பியதும் சுருண்ட கம்பி போன்ற ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பக்கத்து இருக்கையிலிருந்த அத்தை எட்டிப் பார்த்தார்.

"அதென்னங்க, சுருட்டுனாப்ல எரியுது?"

"அது ஹீட்டருங்க அத்தை. குளிருக்குப் போட்டுக்கறது" என்றேன்.

அது டீசல் வண்டியில் மட்டும் இருக்கிற விளக்கு. எஞ்சினுக்குள் சூடு ஏறும்வரை எரிந்து, ஏறியதும் அணையும். அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். 'நான் டீசல் வண்டி' என்று அந்தக் கார் தன் வாயாலேயே சொன்ன மாதிரி. நான்தான் அதைக் குளிர்காய்கிற சாதனமாக்கிவிட்டேன்.

பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு செக்போஸ்ட் எல்லாம் தாண்டி மறையூர் வந்தபோது எண்ணெய் முள் கால் பங்குக்கு இறங்கியிருந்தது. பங்க்கில் திரும்பினேன். டேங்க் மூடி மறுபக்கம் இருந்தது. (முள்ளுக்குப் பக்கத்திலேயே சின்ன அம்புக்குறி ஒன்று மூடி எந்தப் பக்கம் என்று காட்டும். அன்று அதுவும் எனக்குத் தெரியாது.) பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க, ரிவர்ஸ் எடுத்துச் சுற்றிக்கொண்டு வந்து நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கவிதா கூப்பிட்டாள். போன் பேசக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே, வண்டியில் உட்கார்ந்தபடியே பேசினேன்.

"எங்கிருக்கறீங்க? மாமா இப்பவே குளிச்சு வேட்டி கட்டிட்டு வாசல்ல சேர் போட்டு உக்காந்துட்டாராமா. அக்கா வந்தாச்சா வந்தாச்சான்னு கேட்டுட்டே இருக்காராமா."

"வந்துட்டே இருக்கறம்னு சொல்லு" என்றேன். பங்க்கில் இருந்த பெண் ஜன்னலுக்கு வந்து ஏதோ கேட்டார். "பெட்ரோல். இருபது லிட்டர்" என்றேன். என் சொந்த வண்டிக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அவர் மூடியைத் திறந்தார். கொஞ்சம் தயங்கி, பெட்ரோல்தானா என்று மலையாளத்தில் உறுதி கேட்டார்.

"சாரே, பெட்ரோள் தன்னே?"

"பெட்ரோள் தன்னே" என்றேன், வகுப்பில் சந்தேகம் கேட்கிற பிள்ளையிடம் பேசுகிற அதே குரலில். அந்தக் குரலுக்கு மேல் அவர் என்ன செய்வார்?

வண்டி நகர்ந்ததும் அத்தை மெதுவாகச் சொன்னார்: "மாப்பிள்ளைங்க, பெட்ரோல் வாசமாட்ட இருக்குதுங்க."

"பங்க்னா வாசம் அடிக்கத்தானுங்க செய்யும், அத்தை."

அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். முப்பது வருடம் தோட்டத்து டீசல் மோட்டாருக்குத் தன் கையால் எண்ணெய் ஊற்றி, கம்பியைச் சுற்றி ஸ்டார்ட் செய்த பெண்மணிக்கு நான் வாசனையைப் பற்றி விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூணாறு ரோட்டில் ஏற ஆரம்பித்ததும் எஞ்சினுக்குள் சோளம் பொரிகிற மாதிரி சத்தம் கேட்டது. இழுவை குறைந்தது. குழாய் வைத்த சட்டி போன்ற ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. (எஞ்சினில் கோளாறு என்று அர்த்தம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.) "சர்வீஸ் தேதி வந்துருச்சுன்னு காட்டுதுங்க" என்றேன், யாரும் கேட்காமலே. கொஞ்ச நேரத்தில் அது விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்தது. ஒட்டுவதற்குக் கையில் பொட்டு இல்லாததால், ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். பின்னால் வெள்ளைப் புகை. தேயிலைச் சரிவு தொடங்குகிற ஒரு வளைவில், கார் இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றது.

சாவியைத் திருப்பினேன். மறுபடி திருப்பினேன். ஏழு தடவையாவது இருக்கும். பிறகு இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். பாடப்புத்தகத்தில் எஞ்சினைக் குறுக்காக வெட்டி, ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருப்பார்கள். இங்கே எதிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. போனில் சிக்னலும் இல்லை.

அத்தை இறங்கி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். மணி பத்தரை. வந்த இரண்டு ஜீப்புகளிலும் ஆள் நிறைந்திருந்தது. பஸ் எதுவும் வரவில்லை.

"மணி என்னங்க ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது மணி பதினொன்றேகால். சொல்லிவிட்டு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டுவதும் பிரிப்பதுமாக, மேலே போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்போது ஒரு பிக்கப் வேன் வந்து நின்றது. காந்தளூரிலிருந்து பூண்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு நெடுங்கண்டம் போகிற வண்டி. டிரைவர் முருகேசன் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். இறங்கி வந்து, காரைத் தொடாமலே மூக்கை உறிஞ்சினார்.

"என்ன அண்ணாச்சி, எண்ணெ எங்க அடிச்சிய?"

"மறையூர்ல."

"எது அடிச்சிய?"

நான் வாயைத் திறந்தேன். கல்லில் உட்கார்ந்திருந்த அத்தை முந்திக்கொண்டார்:

"பெட்ரோலுங்க."

முருகேசன் டேங்க் மூடியைத் திறந்தார். உட்புறம் டீசல் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தன தடவ ஸ்டார்ட் போட்டுப் பாத்திய?"

"ஏழு இருக்கும்."

"இனி சாவியத் தொடாதிய. டீசல்ல இருக்க வழுவழுப்புலதான் உள்ள எண்ணெ தள்ளுற பம்பு ஓடும். பெட்ரோலு அதக் கழுவி விட்டுரும். கண்டதும் நிறுத்திருந்தா டேங்க மட்டும் எறக்கிச் சுத்தம் பண்ணிருக்கலாம்." பிறகு உண்மையாகவே புரியாமல் கேட்டார்: "ஏன் சார், இதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரமாட்டாகளா?"

"சொல்லித் தர்றதே அவருதானுங்க" என்றார் அத்தை.

முருகேசன் சிரிக்கவில்லை. மரியாதையாகத் திரும்பி நின்று தேயிலையைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

நான் அத்தையின் அருகில் போனேன். "உங்களுக்கு அங்கயே தெரியுமுங்களா? ஏனுங்க இன்னொருக்காச் சொல்லல?"

"மாப்பிள்ளைங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சறப் போகுதுன்னு இருந்துட்டனுங்க" என்றார். அதில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

உடும்பஞ்சோலை விஷயத்தைச் சொன்னதும் முருகேசன் வேறெதுவும் கேட்கவில்லை. "அந்த வழியாத்தான் போறேன். ஆச்சிய முன்னால ஏத்துங்க." காரை நானும் அவரும் வேனில் வந்த சுமைக்காரரும் தள்ளி, வளைவுக்குக் கீழே இருந்த ஒரு டீக்கடை ஓரம் நிறுத்திச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்தோம். வேனில் முன்னால் அத்தைக்கும் சுமைக்காரருக்கும்தான் இடம் இருந்தது. ஆகவே நான் பின்னால், பூண்டு மூட்டைகளின் மேல். மூணாறு வரும்போது சிக்னல் வந்தது, வந்துகொண்டிருக்கிறோம் என்று மட்டும் கவிதாவிடம் சொன்னேன். தூறல் பிடித்தது. தார்ப்பாயைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைச் சுற்றுலா வந்த ஒரு குடும்பம் போட்டோ எடுத்தது. (அந்த ஊரில் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று என்று நினைத்திருப்பார்கள்.) தேவிகுளம், பூப்பாறை என்று ஒவ்வொரு ஊர் வரும்போதும் மணியைப் பார்த்தேன். வழியில் இரண்டு கடைகளில் முருகேசன் மூட்டை இறக்க வேண்டியிருந்தது. நானும் இறக்கினேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது.

உடும்பஞ்சோலை சேர்ந்தபோது மூன்றுக்குப் பத்து நிமிடம். கேட்டுக்கு வெளியே ஒரு கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. வெள்ளிங்கிரி மாமா வாசலில் சேரில் இருந்தார். நான் போட்டோவில் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தார்.

அத்தை போய் அவர் எதிரில் நின்றார். அவர் தலைநிமிரவில்லை. அத்தை மறுபடி புடவைத் தலைப்பைச் சுருட்டினார். வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பதினோரு வருடத்தை எங்கிருந்து தொடங்குவது? அந்தக் கேட்டருகே, பூண்டு நாற்றத்தோடு நின்றபடி, என்னால்தான் இவ்வளவு தாமதம், இப்போது பேசாமலே கிளம்பிவிடுவார்களோ என்று பதறிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மாமா கேட்டார். "எதுல வந்தே?"

"பூண்டு வண்டியில."

"ஏனு? உம்பட பையன் கார் என்னாச்சு?"

"மாப்பிள்ளைங்க அதுக்குப் பெட்ரோல் ஊத்திப்போட்டாருடா. டீசல் வண்டிக்கு."

மாமா முதன்முறையாகத் தலைநிமிர்ந்து, அக்காவைத் தாண்டி என்னைப் பார்த்தார். என் சட்டையில் பூண்டுத் தோல் ஒட்டியிருந்தது.

"வாத்தியாருன்னல்ல சொன்னாங்க?"

"வாத்தியாருதான்."

மாமா மார்பைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் ஓடினோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "டாக்டர் சிரிக்கக் கூடாதுன்னிருக்காரு" என்று அவர் மனைவி கத்தினார். அவர் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்:

"அக்கா, பத்திரிகையில எம்பேரு உட்டுப்போனதும் நல்லதாப் போச்சு. இல்லீன்னா இந்த மாப்பிள்ளைய நானுஞ் சேந்து பாத்து முடிச்சதா ஆயிருக்குமல்லோ."

அத்தை அவர் தலையில் ஒரு கொட்டு வைத்தார். பிறகு அதே கையால் தலையைத் தடவிக்கொண்டே அழுதார். வாசலிலிருந்து கார் வரை அவர்தான் தம்பியைத் தாங்கி நடத்திப் போனார். ஏறி உட்காரும்போது மாமா என்னைக் கூப்பிட்டு, "இந்த வண்டி என்னன்னு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை, நம்பி ஏறுறேன்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சதீஷின் வண்டி பத்து நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. அவன் ஒரு சொல் திட்டவில்லை. டாஷ்போர்டு விளக்குகளின் படத்தை மட்டும் போனில் அனுப்பி, சிவப்பு என்றால் உடனே ஓரங்கட்டு, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு, மஞ்சள் மின்னினால் மேற்கொண்டு ஓட்டாதே என்று கீழே எழுதியிருந்தான். நான் அதை மனப்பாடம் செய்தேன்.

மூன்று மாதம் கழித்து மாமா அத்தை வீட்டுக்கு வந்தார். அத்தை எல்லோரிடமும் காப்பியா டீயா என்று கேட்டுக்கொண்டே என்னிடம் வந்தபோது மாமா குறுக்கிட்டார். "அவருகிட்ட அப்படிக் கேட்டா வெளங்காதுக்கா. பெட்ரோலா டீசலான்னு கேளு." அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் காப்பி பெட்ரோல், டீ டீசல். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் என் முன்னால் வந்து நிற்பவர்கள், எனக்குப் பெயர்கூடத் தெரியாத பங்காளிகள் உட்பட, அப்படித்தான் கேட்பார்கள்.

அதற்குப் பிறகு மாமா ஆறு வருடம் இருந்தார். போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள், உடும்பஞ்சோலை வீட்டில் உறவுக்காரர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். அத்தை தட்டில் தம்ளர்களோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் முன்னால் வந்து நின்றார்.

"பெட்ரோலுங்களா, டீசலுங்களா மாப்பிள்ளைங்க?"

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. "டீசலுங்க அத்தை" என்றேன்.

அவர் தட்டைக் கொஞ்சம் தாழ்த்தி, எது எது என்று நன்றாகப் பார்த்து, ஒரு தம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார். அந்த வீட்டில் இரண்டு நாளில் முதல்முறையாக யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மாமாவின் மனைவி.