பிலோமின்ராஜுக்கு என்ன வியாதி?

கணவரின் சட்டையைத் துவைக்கப் போடும்போது அதன் பையில் ஒரு மாத்திரை அட்டை டோரதியின் கையில் சிக்கியது. பத்தில் நான்கைக் காணோம்.

"ஏங்க, இது என்ன?"

பிலோமின்ராஜ் பேப்பரைத் தாழ்த்தவே இல்லை. "பல்வலி. உனக்குக் கொடுத்தாங்களே, அதே மாதிரி ஆன்டிபயாட்டிக்தான்."

டோரதி தன் அட்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுடையது அமாக்ஸிசிலின். இது டாக்ஸிசைக்ளின். பல்வலி என்றால் தெருவுக்கே கேட்கும்படி முனகும் மனிதர், இப்போது முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு அட்டைகளோடும் தென்னூர் மருந்துக்கடைக்குப் போனாள்.

"உங்களோடது பல்லு, தொண்டை, காதுல வர்ற கிருமிக்குங்க," என்றாள் கடையிலிருந்த ஜெஸிமா. "இது எலிக்காய்ச்சல், முகப்பரு, அப்புறம்..." குரல் தாழ்ந்தது. "வெளியில தப்புத்தண்டா பண்றவங்களுக்கு வர்ற நோய்க்கும் கொடுப்பாங்க."

டோரதிக்குத் தன் பல்வலி மறந்தே போயிற்று.

"இது பல்லுக்கு இல்லையாமே?" என்றாள், வீட்டுக்குள் நுழைந்ததுமே.

"பல்லுன்னா சொன்னேன்? காய்ச்சல்."

தெர்மாமீட்டரை அவர் வாயில் திணித்தாள். காய்ச்சல் இல்லை.

"முகப்பரு," என்றார் பிலோமின்ராஜ், தன் ஐம்பத்து மூன்றாவது வயதில்.

மனம் பொறுக்காமல் முசிறியிலிருந்த நாத்தனார் வியாகுலம்மாளுக்கு போன் செய்தாள். ஆறுதல் கிடைக்கவில்லை.

"நானே சொல்லணும்னு இருந்தேன் டோரதி. தம்பி தினம் ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்டுக்குப் போறானாம். எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை பாத்துட்டாரு."

மறுநாள் சாயங்காலம், "லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்," என்று கிளம்பிய கணவரின் பஸ்ஸை டோரதி ஆட்டோவில் தொடர்ந்தாள். காவிரிப் பாலம் தாண்டும்வரை செபமாலை உருண்டது. ஸ்ரீரங்கத்துச் சந்து ஒன்றில் அவர் கதவைத் தட்டியதும் முப்பது வயதுப் பெண் ஒருத்தி திறந்தாள்.

"வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

"எத்தனை நாளா நடக்குது இது?" டோரதியின் குரலுக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பிலோமின்ராஜ் வெளிறிப்போய்ச் சுவரோடு ஒட்டினார். "உனக்குப் பேரு என்னடி?"

"வேணி, அக்கா," என்றாள் அந்தப் பெண், பதறாமல். "கோவிச்சுக்காதீங்க. வீட்டுல சேர்க்க மாட்டீங்கன்னுதான் சார் இங்க வச்சுப் பாத்துக்கிறாரு. உண்ணி கடிச்சு வந்த காய்ச்சல் விட்டுருச்சு, இன்னும் நாலு நாள் மாத்திரை கொடுத்தா பழையபடி வாலை ஆட்டிக்கிட்டுக் குரைக்கும்."