மீன் மார்க் சவுக்காரம்

1943-ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தேங்காயோடு மென்றுகொண்டிருந்தபோது, முதலாளி ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன்.

பதினைந்து வருஷம் குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. ஜப்பான்காரன் வந்தான். துரை கப்பல் ஏறினார். ரப்பரை வாங்க ஆளில்லை. ஆபீசுக்குப் பூட்டு. எனக்கு மிஞ்சியது தங்க முள் வைத்த ஒரு பேனா. அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு காஜா பெராங் பகுதியில் இருந்த என் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுத ஒன்றுமில்லை. இருந்தாலும் குத்தியிருந்தேன். கிராணி கிராணிதான்.

என் மனைவி சிவகாமசுந்தரிக்கு வீட்டுப் பின்புறத்தில் லாலான் புல் மண்டிக் கிடந்த நிலத்தின் மேல் கண். ஊரே மரவள்ளி நட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தது. "மம்பட்டியப் பிடிங்க" என்று தினம் மூன்று வேளை சொல்வாள். சாப்பாடு இரண்டு வேளைதான். பேனா பிடித்த கை மண்வெட்டி பிடிப்பதா? மானம் போய்விடாதா? எனக்கு அழுகையே வந்தது.

"சிவகாமி, நான் சவுக்காரத் தொழில் ஆரம்பிக்கப் போறேன்."

"சவுக்காரமா? நீங்க குளிக்கிறதே வாரத்துக்கு ரெண்டு நாளு!"

"ஏன் ரெண்டு நாளு? சவுக்காரம் இல்ல. ஊரே அழுக்கா கெடக்கு. அழுக்கு இருக்குற எடத்துலதான் தொழில் இருக்கு."

"ஊர்ல என்ன வேணும்னு நாலு பேரக் கேட்டீங்களா?"

"முதலாளி கேக்க மாட்டான். சொல்லுவான்."

"சரி, ஒரு மாசம். சரக்கு விக்கலேன்னா?"

"மம்பட்டியத் தூக்குறேன். இந்தப் பேனா மேல சத்தியம்."

தொழிலில் முதல் பாடம்: சரக்கு செய்வதற்கு முன்னால் சத்தியம் செய்யக் கூடாது. நாலு பேரைக் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது பாடமாக இருந்திருக்கும். மனைவி சொன்னது என்பதால் நான் அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

பனை எண்ணெய் கிடைத்தது. அடுப்புச் சாம்பலைக் கரைத்து வடிகட்டினேன். காய்ச்சினேன், காய்ச்சினேன், மூன்று நாள் காய்ச்சினேன். ரசம் மாதிரி இருந்ததே தவிர உறையவில்லை. அப்போதுதான் எனக்குள்ளிருந்த கிராணி விழித்தான். தோட்டத்தில் ஆயிரக்கணக்கான கேலன் ரப்பர் பாலை உறைய வைத்த ஆளுக்கு ஒரு சட்டி சவுக்காரத்தை உறைய வைக்கத் தெரியாதா? (உறைய வைத்தது கூலியாட்கள். நான் எடை எழுதினேன்.) கேட்பாரற்ற மரங்களில் ஒரு வாளி பால் எடுத்து வந்து ஊற்றினேன். கொஞ்சம் புளித்தண்ணீரும் விட்டேன்.

உறைந்தது. அப்படி உறைந்தது! சிவகாமி பலகாரம் செய்யும் மீன் வடிவ மர அச்சில் அமுக்கி நாற்பது கட்டி எடுத்தேன். மீன் மார்க் சவுக்காரம்! செதில், கண், வால் எல்லாம் தெரிந்தது.

முதல் கட்டி பக்கத்து வீட்டு விஜயாவுக்கு. அரை மணி நேரத்தில் புருஷன் இடுப்பில் கட்டும் சாரோங்கோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இது நுரைக்கல. இழுக்குது."

"அழுக்க இழுக்குதும்மா."

"சாரோங்க இழுக்குதுண்ணே! விடவே மாட்டேங்குது!"

நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். சவுக்காரம் ஒரு முழம் நீண்டது. விட்டதும் பழையபடி போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கட்டியை மளிகைக்கடை தாவூத் பாயிடம் கொடுத்தேன். கை தவறிக் கீழே போட்டார். எகிறிப் போய் மிளகாய் டின்னைத் தட்டிவிட்டது.

மாசம் முடிய இரண்டு நாள். எனக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் மண்வெட்டி. மிச்சக் கட்டிகளை வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.

"சிவகாமி, பத்து பெரெண்டாம் ஊரு வியாபாரி ஒருத்தரு மொத்தத்தையும் வாங்கிட்டாரு!"

"அப்படியா? சந்தோஷம்ங்க" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் ஓட்டை. ஒழுகியது சரியாக என் படுக்கையில். புதுத் தகரமும் இல்லை, தாரும் இல்லை.

"தாவூத் பாய் கடையில ஒரு ஒட்டு வந்திருக்காம். சூடு காட்டி அமுக்கினா எந்த ஓட்டையும் அடைஞ்சுடுமாம். ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

போனால் கடையில் கூட்டம். ஆளுக்கொரு ஓட்டை வாளி, ஓட்டைக் குடம், ஓட்டைக் குடை.

"நல்லா போகுதா பாய்?"

"புக்கிட் காதில் ஊர்லேந்தெல்லாம் வர்றாங்க கிராணியாரே. இதுதான் கடைசித் துண்டு."

சாம்பலில் புரட்டி இலையில் மடித்த துண்டு. நோட்டை நீட்டினேன்.

"ஜப்பான் நோட்டு வேணாம். ஓட்டைய அடைக்கக்கூட ஆகாது. வேற எதுனா இருக்கா?" அவர் பார்வை என் சட்டைப்பையில் நின்றது.

பின்னால் ஒரு சீனக் கிழவர் கடைசித் துண்டுக்குக் கை நீட்டினார். நான் பேனாவைக் கொடுத்துவிட்டேன்.

"இத யாரு செய்யறது பாய்?"

"பேர் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. பெரிய மூளை. ஊர்ல என்ன வேணும்னு நாலு பேரக் கேட்டாங்களாம், அப்புறம்தான் விக்க வந்தாங்களாம்."

அந்த மூளையைக் கும்பிடலாம் என்று தோன்றியது. அந்தப் பாடத்தை எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது.

வீட்டுக்கு வந்து துண்டை அடுப்பில் காட்டினேன். சாம்பல் உதிர்ந்தது. உள்ளே ஒரு வால் தெரிந்தது. மீன் வால். என் மீனின் வால்.

"சிவகாமி!"

"வாழைக்கு எரு போடத் தோண்டினேங்க. கெடைச்சது. நம்ம வாளி ஓட்டையில ஒரு துண்டு வச்சுப் பாத்தேன், ஒழுகல. அப்புறம் பாயோட பேசி முடிச்சேன்."

வாளி ஒரு வாரமாக ஒழுகவில்லை. நான் கவனிக்கவில்லை. முதலாளிகள் வாளியைப் பார்ப்பதில்லை.

"என் பேனா?"

மறுபக்கம் திரும்பினாள். கொண்டையில் தங்க முள் பேனா. பாய் என்னை முந்திக்கொண்டு பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டிருக்கிறார்.

"இது மேலதானே சத்தியம் பண்ணீங்க? பத்திரமா இருக்கட்டும்."

பின்கதவில் மண்வெட்டி சாத்தியிருந்தது. என் மெத்தென்ற கை கொப்பளித்துவிடாதபடி பிடி முழுக்கப் பழைய துணி சுற்றியிருந்தாள். பார்த்ததும் கோபத்தில் பாதி போய்விட்டது.

"இத எப்பச் சுத்துன, இப்பவா?"

"நீங்க சவுக்காரம் காய்ச்ச அடுப்பு மூட்டினீங்களே, அன்னிக்கு."