நேரில் ஒரு தடவை

தன் தோளில் சாய்ந்த ஆளை முழங்கையால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிடலாம் என்றுதான் சிஸ்டர் முதலில் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் அந்த ஆளின் உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கண்கள் மேலே செருகத் தொடங்கியிருந்தன.

'போச்சுடா' என்று நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள் அவள். அவளுடைய வீட்டுக்காரரே அசந்த நேரத்தில் "சிஸ்டர், என் சட்டை எங்க?" என்று கேட்டுவிடுவார். ஆகவே நாமும் அவளை அப்படியே கூப்பிடுவதில் தப்பில்லை.

அந்த இருபத்திரண்டு வருஷமும் அவள் ஒரே பாடகரின் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கேசட்டில் கேட்டாள், பிறகு குறுந்தட்டில் கேட்டாள், இப்போது போனில் கேட்கிறாள். அடர்ந்த முடியும் கறுப்புக் கண்ணாடியுமாக அட்டைப் படத்தில் பார்த்ததோடு சரி, நேரில் மட்டும் கேட்டதில்லை. அவர் முதல் தடவை ஊருக்கு வந்தபோது அவளுக்கு நைட் டூட்டி. இரண்டாம் தடவை பிரசவ வலி. மூன்றாம் தடவை மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஒவ்வொரு தடவையும் 'அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்' என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். இந்த வருஷம் மனுஷன், இந்த மூன்று நாள் இசைவிழாவோடு மேடையை விட்டே ஒதுங்குவதாக அறிவித்துவிட்டார். இனி அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

வீட்டுக்காரருக்கு இது புரியவில்லை. அதே பாட்டு போனில் இருக்கிறதே, படுத்துக்கொண்டே கேட்கலாமே, எதற்கு வெயிலில் போய் நிற்க வேண்டும் என்று கேட்டார்.

"போன்ல இருக்கறது பாட்டு," என்றாள் சிஸ்டர். "நான் ஆளைக் கேக்கப் போறேன்."

நைட் டூட்டியை முடித்துவிட்டு, கண்கூட மூடாமல், காலை ஆறு மணிக்கே மைதானத்து வாசலுக்கு வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் ஓடிப்போய் மேடைக்கு நேர் முன்னால் இருந்த கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பாடகர் மேடையேறுவது மாலை ஐந்து மணிக்கு. நடுவில் யார் யாரோ வந்து டிரம் தட்டிவிட்டுப் போனார்கள். வெயில் ஏறியது, கால் மரத்தது, பின்னால் எள் போட்டால் எள் விழாத கூட்டம் சேர்ந்தது. அவள் கம்பியை விடவில்லை. இன்றைக்கு எவர் மயங்கி விழுந்தாலும் நான் நர்ஸ் இல்லை என்று தனக்குத்தானே உத்தரவு போட்டிருந்தாள்.

மூளை அந்த உத்தரவைக் கேட்டுக்கொண்டது. கை கேட்கவில்லை. அது பாட்டுக்கு அந்த ஆளைக் கீழே படுக்கவைத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, காலைத் தூக்கிப் பிடித்தது. சுற்றி நின்றவர்கள் மரியாதையோடு இரண்டடி விலகினார்கள். காலையிலிருந்து கெஞ்சினாலும் கிடைக்காத இடம் அது.

"நீங்க டாக்டரா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லை, நர்ஸ்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்தது எதுவும் அவள் கையில் இல்லை. காவலாளிகள் நால்வர் வந்து அந்த ஆளைத் தடுப்புக்கு மேலாகத் தூக்கினார்கள். கூடவே அவளையும் தூக்கினார்கள். காலையிலிருந்து பக்கத்தில் நின்று பேச்சுக்கொடுத்த ஒரு தையல்காரப் பெண்ணிடம், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன், இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மட்டும்தான் நேரம் இருந்தது. அப்போது மணி ஒன்றரை.

முதலுதவிக் கூடாரம் மேடைக்குப் பின்பக்கம் ஒரு ஓரத்தில் இருந்தது. அதற்குள் பதினோரு பேர் கிடந்தார்கள். டாக்டர், கால் முறிந்த ஒருவரோடு ஆம்புலன்ஸில் போயிருந்தார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு தொண்டர். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருப்பவர். முதலுதவியில் இரண்டு நாள் பயிற்சி எடுத்திருந்தாராம், அதில் இரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல்.

"கடவுளாப் பார்த்து அனுப்பியிருக்கார்," என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சிலுவைக்குறி போட்ட ஒரு வெள்ளைச் சட்டையையும் எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டார்.

சரி, பதினோரு பேர்தானே, அரைமணியில் முடித்துவிட்டு ஓடிவிடலாம் என்று சிஸ்டர் கணக்குப் போட்டாள். கத்தரிக்கோலை எடுத்து, மணிக்கட்டில் மாட்டியிருந்த நுழைவுப் பட்டையை நறுக்கென்று வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கட்டுப் போடும்போது மணிக்கட்டில் வாட்ச்கூட இருக்கக் கூடாது என்பது வார்டில் முதல் நாள் படித்த பாடம். இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் யோசித்துக்கொண்டா நடக்கும்?

பதினோரு பேரையும் நிஜமாகவே அரைமணியில் அனுப்பிவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று. போனவர்கள் எல்லாம் கூட்டத்துக்குள் போய், அங்கே ஒரு சிஸ்டர் இருக்காங்க, கை பட்டாலே சரியாயிடுது என்று சொன்னார்கள். மூன்று மணிக்கு வாசலில் நாற்பது பேர் நின்றார்கள்.

தள்ளுமுள்ளு வேண்டாம் என்று ஒவ்வொருவர் புறங்கையிலும் பேனாவால் ஒரு எண் எழுதி, தரையில் வரிசையாக உட்காரவைத்தாள். கூட்டம் சட்டென்று ஒழுங்குக்கு வந்தது. அந்தப் பக்கமாகப் போனவர்களோ, கையில் எண்ணோடு இத்தனை பேர் இவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இங்கே என்னமோ நல்லது கொடுக்கிறார்கள் என்று தாங்களும் எண் வாங்கி உட்கார்ந்தார்கள். அறுபத்தெட்டாம் எண்காரருக்கு மூன்று வருஷமாக முழங்கால் வலி. எழுபத்திரண்டாம் எண்ணுக்கு ஒன்றுமே இல்லை. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், அதனால் உட்கார்ந்தேன் என்றார்.

நான்கு மணி ஆனபோது சிஸ்டருக்கு அழுகை முட்டியது. ஓவிய ஆசிரியரை இழுத்துவந்து, கட்டுப் போடுவது எப்படி, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலப்பது எப்படி, இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். போட்ட முதல் கட்டு, சித்திரம் மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. அடிபடாத காலில் போட்டிருந்தார் என்பது ஒன்றுதான் குறை.

ஆனாலும் அவர் நன்றி மறக்காத மனிதர். அவள் படும் பாட்டை நாலு பேர் அறியட்டும் என்று விழா அலுவலகத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஐந்து நிமிஷத்தில் மைதானம் முழுக்க ஒலிபெருக்கி அலறியது. முதலுதவிக் கூடாரத்தில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவமுள்ள செவிலியர் ஒருவர் சேவை செய்கிறார், அனைவரும் பயன்படுத்திக்கொள்ளவும் என்றது.

"சந்தோஷம்தானே சிஸ்டர்?" என்று கேட்டார் ஆசிரியர்.

சிஸ்டர் நாலரை மணிக்கு, துணி எடுத்து வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, கூடாரத்தின் பின்பக்கத் திரையைத் தூக்கிக்கொண்டு நழுவினாள்.

பார்வையாளர் பக்கத்து வாசலில் காவலாளி மறித்தார். அவள் மேல் கிடந்த அந்த வெள்ளைச் சட்டையைக் காட்டி, வேலை செய்கிறவர்கள் கூட்டத்துக்குள் போகக் கூடாது என்றார். அவள் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப போகலாமா?"

"பட்டை எங்கம்மா?"

சிஸ்டர் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவின மணிக்கட்டு சுத்தமாக இருந்தது. குப்பைத்தொட்டியில் தேடி எடுத்து வருகிறேன் என்றாள். வெட்டின பட்டை செல்லாது என்றார் அவர். சட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூடாரத்துக்குள்ளும் விட மாட்டார்கள் என்று நல்ல மனசோடு எச்சரித்தும் அனுப்பினார்.

அவள் திரும்பி நடந்தாள். இருபத்திரண்டு வருஷமும் மொத்தமாக இறங்கிவந்து பாதத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி கால் கனத்தது. முகத்தைப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, குரலையாவது கேட்டுவிட்டுப் போகலாம், மேடை பத்தடி தூரத்தில்தானே இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டாள்.

ஐந்து மணிக்குப் பாடகரின் பெயரை அறிவித்தார்கள். கூடாரத்தில் ஒரு அதிசயம் நடந்தது. முழங்கால் வலிக்காரர் எழுந்து ஓடினார். வாந்தி நின்றது, தலைசுற்றல் தீர்ந்தது, எண்பது பேரும் ஒரு நிமிஷத்தில் குணமாகி மறைந்தார்கள். ஓவிய ஆசிரியரும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனார். சிஸ்டர் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் டிரைவர் மாதிரி இருந்த ஒருவர் ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார்.

"காலையிலேர்ந்து வாந்திம்மா, காய்ச்சலும் இருக்கு," என்றார் டிரைவர். "வேலைக்கு வந்த இடத்துல இப்படி ஆயிடுச்சு. கொஞ்சம் பார்த்துக்கங்க, எனக்கு மேல வேலை கெடக்கு."

சொல்லிவிட்டு ஓடியே போனார். பெரியவர் பனியனோடு இருந்தார். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. வாந்திக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று பல்செட்டைக் கழற்றி ஒரு காகித டம்ளரில் போட்டார். தொண்டையைப் பார்த்தால் ரணமாகச் சிவந்திருந்தது. பேசவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, படுக்கவைத்து, கண்ணையும் நெற்றியையும் மூடி ஈரத்துண்டைப் போட்டாள். மேடைக்குச் சாமான் தூக்குகிற வேலையாக இருக்கும், இந்த வயசில் என்ன தலையெழுத்தோ என்று பரிதாபப்பட்டாள்.

அப்போது வெளியே ரயில் பாட்டு தொடங்கியது.

கடைசி ரயிலைத் தவறவிட்டவன் காலி நடைமேடையில் நின்று பாடுகிற பாட்டு. அதற்குத்தான் அவள் வந்திருந்தாள். முதல் புல்லாங்குழலுக்கே கூட்டம் ஆர்ப்பரித்தது. சிஸ்டர் கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். குரல் எழுந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

கூடவே முதுகுப்பக்கத்திலிருந்து தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இன்னொரு குரலும் எழுந்தது. துண்டுக்கு அடியிலிருந்து பெரியவர் பாடிக்கொண்டிருந்தார்.

பொறுத்துப் பார்த்தாள். இரண்டாம் வரியின் முடிவில் குரல் உச்சிக்கு ஏற வேண்டிய இடத்தில் பெரியவர் நைசாகக் கீழே இறங்கினார். அதை அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, அந்த இடத்துல கீழ இறங்காது. மேல போகும். அங்க கேளுங்க."

மேடைக் குரல் மேலே போயிற்று.

"போகுதுதான்," என்றார் பெரியவர். "இறங்கினா இன்னும் நல்லாருக்குமேன்னு ரொம்ப நாளா ஒரு நெனப்பும்மா."

"ஆளுக்கு ஒண்ணு நெனைக்கலாம். பாடறவருக்குத் தெரியாதா?" என்றாள் சிஸ்டர். "இந்த வயசுலயும் பாருங்க, கேசட்ல கேட்ட மாதிரியே ஒரு இழை பிசகல."

"ஆமாம்மா, அப்படியேதான் இருக்கு," என்று ஒத்துக்கொண்டார் அவர். கொஞ்சம் பொறுத்து, இந்தப் பாட்டு அவ்வளவு பிடிக்குமா என்று கேட்டார்.

பேசாதீர்கள் என்று சொல்ல வேண்டியவளுக்கு என்ன தோன்றிற்றோ, சொல்லத் தொடங்கிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஒருத்தி இறந்துபோனாள். இந்த வேலையே வேண்டாம் என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். கீழே கேண்டீன் ரேடியோவில் இந்தப் பாட்டு ஓடியது. அது முடிந்தபோது முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குத் திரும்பிப் போனாள். அன்றிலிருந்து அந்தப் பாடகர் அவளுக்கு யாரோ ஒருவர் இல்லை.

பெரியவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, கடைசிச் சரணம் தொடங்கியபோது, அந்தக் கிழிந்த தொண்டையை எங்கிருந்தோ திரட்டிக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக, அவள் பக்கம் திரும்பியே பாட ஆரம்பித்தார்.

சிஸ்டருக்குப் பொறுமை போயிற்று.

"ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன், வாயை மூடுங்க. இருபத்திரண்டு வருஷமாக் காத்திருக்கேன், இந்த ஒரு பாட்டை அவர் பாடிக் கேக்கணும்னு."

பெரியவர் உடனே நிறுத்திவிட்டார். உதட்டை இறுக மூடிக்கொண்டார். துண்டின் ஓரமாகத் தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் போயிற்று. வயிறு வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்.

சரணத்தை அவள் முழுதாகக் கேட்டாள். பாட்டு முடிந்து கைதட்டல் மழையாகக் கொட்டியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகம் பார்க்கவில்லை, போகட்டும். நேரில் கேட்டாயிற்று. அந்த நிம்மதியில் பெரியவரை அதட்டியதற்குக்கூட வெட்கமாக இருந்தது. ஒரு வாய் வெந்நீர் கொடுக்கலாம் என்று பிளாஸ்க்கைத் திறந்தாள்.

திரையைத் தள்ளிக்கொண்டு டிரைவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். அவளைக் கவனிக்கவே இல்லை. நேராகக் கட்டிலுக்குப் போய், துண்டை மெதுவாக எடுத்துவிட்டுக் குனிந்தார்.

"ஐயா, எந்திரிங்க. டேப்புல இன்னும் ஒரே பாட்டுதான் மிச்சம். உங்க முடியையும் கண்ணாடியையும் மாட்டிக்கிட்டு உங்க தம்பி எவ்வளவு நேரம்தான் மேல நின்னு வாயசைப்பாரு? கடைசிக் கும்பிடுக்காவது நீங்க வந்து நில்லுங்க."