ராஜா முழுகாமல் இருந்த கதை

தட்டில் விழுந்த மீன் துண்டைப் பார்த்து, வாயில் வைப்பதற்கு முன், "இது ஆணா, பெண்ணா?" என்று விசாரித்த ஒரே மனிதன் உலகத்திலேயே எங்கள் எக்ஸ்பிரஷன்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், சேலையூரில் ஒரு மாடி வீட்டில் கல்யாணமாகாத நாலைந்து பேர் குடியிருந்தோம். அவன் மட்டும் ஆராய்ச்சி மாணவன். குடிவந்த அன்றே வீட்டுக்காரர், "என்ன தம்பி ஆராய்ச்சி?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"ஆண் மீனுக்கும் பெண் மீனுக்கும் ஜீன் எக்ஸ்பிரஷன்ல என்ன வித்தியாசம்னு பார்க்கறேன் சார்."

வீட்டுக்காரர் காதில் ஜீன் ஏறவில்லை. பையன் மீனின் முகபாவத்தைப் படிக்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர். கேம்ப் ரோடு மீன்கார அக்கா அவன் தலையைக் கண்டாலே, "இன்னா சார், இந்த வஞ்சிரம் இன்னா எக்ஸ்பிரஷன் குடுக்குது? கோவமா கீதா?" என்பார். அவனுக்குக் கோபமே வராது. கூடைக்கு முன்னால் குந்தி வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவான்.

"ரெண்டுக்கும் ஏறக்குறைய அதே ஜீனுங்கதான் அக்கா. எல்லா ரூம்லயும் ஃபேன் இருக்கற மாதிரி. ஆணுக்கு அஞ்சுல ஓடறது பொண்ணுக்கு ஒண்ணுல ஓடும். ரெகுலேட்டர்தான் வித்தியாசம்."

"எங்க வூட்ல கரண்ட்டே இல்ல சார், நீ வேற. மீனு வாங்கறியா, இல்லியா?"

இந்த வாய்தான் அவன் கல்யாணத்துக்கு எமன். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் பெண்ணின் மாமா ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டுவைக்க, இவன் உற்சாகமாகி மீனுக்குள் முழுசாக இறங்கிவிட்டான். நடுவில் பெண்ணின் அப்பா, "பொண்ணு எப்படி?" என்றார். "பொண்ணுங்க கொஞ்சம் பருமனா, கலர் கம்மியா இருக்கும் சார்" என்றான். காபி வருவதற்குள் நாங்கள் தெருவில் நின்றோம்.

பிறகு சிட்லபாக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் போட்டோ வந்தது. ஆளே மாறிப்போனான். சட்டைப் பையில் அதை வைத்துக்கொண்டே அலைந்தான். "இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா நான் அவ்ளோதான் மச்சான்" என்றபோது நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

"பயோடெக்னு மட்டும் சொல்லு. மீன்னு வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போனேன்.

உள்ளே நுழைந்தால், கூடத்தில் ஒரு மீன் தொட்டி!

பெண்ணின் அப்பா அதன் பக்கத்திலேயே இவனை உட்காரவைத்தார். "கப்பி மீன் மாப்ளே. ஜோடியா வளர்க்கறேன். பெரிசா, கம்பீரமா இருக்கானே, அவன் ராஜா. சின்னதா, கலர் கலரா வாலை ஆட்டறாளே, அவ ராணி."

கப்பியில் கலர் காட்டுவது ஆண், பருத்திருப்பது பெண் என்பது இவன் தயவில் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். நான் அவன் காலை அழுத்தி மிதித்தேன். பாவம், உதட்டைக் கடித்தான். ஒரு முழு பஜ்ஜியை வாயில் அடைத்துக்கொண்டான். வேர்த்துக் கொட்டியது. கடைசியில் பஜ்ஜியை விழுங்கிவிட்டு எழுந்து நின்றான்.

"மன்னிக்கணும் சார். உங்க ராஜா முழுகாம இருக்கார்."

எல்லாம் போச்சு என்று நான் கண்ணால் செருப்பைத் தேடினேன். அப்போது உள் அறையிலிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு. பெண்தான். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்து நேராக அவனையே கேட்டாள்:

"ஏங்க, தண்ணிக்குள்ளயே கிடக்கற மீன் எப்படிங்க முழுகாம இருக்கும்?"

அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இரண்டொரு நாளில் ராஜாவுக்குச் சுகப்பிரசவம். தை பிறந்ததும் இவனுக்குக் கல்யாணம்.

அதற்கப்புறம் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். "மச்சான், குழந்தை பிறந்துடுச்சு!"

ஊரெல்லாம் அவன் கேட்ட கேள்வியை அவனிடமே திருப்பிக் கேட்டேன். "ஆணா, பெண்ணா?"

மூக்கை உறிஞ்சியபடியே சொன்னான்: "கேக்க மறந்துட்டேன்டா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்."

போனுக்குள் கையை விட்டு அவனைக் கட்டிப்பிடிக்க முடியவில்லையே என்று இருந்தது எனக்கு.