என் வாய், எவனோ ஒருவனின் குரல்

தொலைக்காட்சியில் முகம் வரப்போகிறது என்றால், வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்திசாலித்தனம். எனக்கு அது வாய்க்கவில்லை. எங்கள் ஊர் கிள்ளானில் பாதிப் பேரிடம் நான் சொன்னேன். மீதிப் பேரிடம் என் மாமியார் சொன்னார்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி ஆசிரியர். தமிழன் மலாய் சொல்லிக்கொடுக்கிறேன் என்ற திமிர் கொஞ்சநஞ்சமல்ல (மலாய்ப் பேச்சுப் போட்டிக் கோப்பையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்). அந்த நேரத்தில்தான் மலாய் நகைச்சுவைத் தொடர் ஒன்றில் சின்ன வேடம் கிடைத்தது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மலாய் வீட்டுக்காரர், சீனக் கடைக்காரர், கேட்டில் காவல் நிற்கும் இந்திய ஜாகா. நாடு மொத்தமும் அந்தக் கட்டடத்தில் அடங்கிவிடும் என்பது இந்தத் தொடர்களின் நம்பிக்கை. நமக்கு ஒதுக்கிய இடம் எப்போதும் கேட்டுக்கு வெளியேதான்.

பெட்டாலிங் ஜெயாவில் படப்பிடிப்பு. "அனுமதியில்லாமல் யாரும் உள்ளே போக முடியாது" என்பதே என் ஒரே வசனம். சுத்தமான மலாயில் கணீரென்று சொன்னேன்.

"கட்!" என்றார் டைரக்டர் சிவா. நம்ம ஆளுதான், பிரிக்பீல்ட்ஸ்காரர். "அண்ணே, நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு லா. கொஞ்சம் தப்புந்தவறுமா பேசுங்க. முன்னால ஒரு 'ஐயோயோ' போடுங்க. தலைய ஆட்டுங்க."

"எதுக்கு பாஸ்?"

"அப்பதான இந்தியன்னு தெரியும்."

"என் மூஞ்சியப் பாத்தா தெரியலயா?"

மொத்தக் குழுவும் சிரித்தது. (வசனத்துக்குச் சிரிக்கவில்லை.) எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"நாடகம் வந்த மறுநாள் நாப்பது பிள்ளைங்க முன்னால நான் நிக்கணும். நம்மள இப்படியே காட்டி இன்னும் எத்தன வருசம் லா சிரிப்பீங்க?"

ஒன்பது டேக் எடுத்தார். ஒன்பதிலும் சுத்தமான மலாய்தான் வந்தது. கடைசியில் கும்பிட்டுவிட்டு, "சரிண்ணே, உங்க இஷ்டம், ஓகே" என்றார். அந்தச் சம்மதத்தைச் சந்தேகப்பட எனக்கு அறிவு போதவில்லை.

ஒளிபரப்பு அன்று எங்கள் ஹாலில் நாற்காலி போதவில்லை. என் மனைவி விமலா ஒரு அண்டா மீகூன் (அரிசிச் சேமியாதான்) பிரட்டியிருந்தாள். "நம்ம டிவியில முதல் தடவயா ஒரு ஜாகா ஒழுங்கா மலாய் பேசப்போறாரு, பாருங்க!" என்று நான் எழுந்து நின்று முன்னுரை வேறு வழங்கினேன்.

கேட் வந்தது. நான் வந்தேன். வாயைத் திறந்தேன்.

"ஐயோயோ!" என்றது தொலைக்காட்சி.

உதடு என்னுடையது. அதிலிருந்து எவனோ ஒருவனின் குரல், கீச்சுக் கீச்சென்று, கொச்சை மலாயில் வருகிறது. டப்பிங்! கூடவே பதிவுசெய்த சிரிப்பு. ஹாலில் எல்லாரும் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு மாமியார் கேட்டார்: "மாப்பிள, இதுதான் அந்த ஒழுங்கான மலாயா?"

அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் பலருக்கு மீகூன் மூக்கில் ஏறியது. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சொல்ல எனக்கென்ன வெட்கம்? வெட்கப்பட வேண்டியது நானில்லை.

மறுநாள் வகுப்பில் நுழைந்ததும் பின்வரிசையிலிருந்து "ஐயோயோ!" வந்தது. நான் நிமிர்ந்து நின்று, அதே வசனத்தை என் குரலில், என் மலாயில் சொன்னேன். வகுப்பு அடங்கியது. நதியா என்ற மலாய் மாணவி மெல்லக் கேட்டாள்: "இதையே போட்டிருக்கலாமே, சார்?"

"அதைத்தான் அம்மா நானும் ஒன்பது தடவை கேட்டேன்" என்றேன்.

சிவா அதன்பிறகு இரண்டு முறை கூப்பிட்டார். "என் குரலோட போடுறதா இருந்தா வரேன்" என்றேன். இரண்டு முறையும் போனை வைத்துவிட்டார். நட்டம் அவருக்குத்தான்.

வீட்டில்தான் தப்பிக்க முடியவில்லை. இன்றைக்கும் நான் கோபமாக வாயைத் திறந்தால் என் மகள் கையைத் தூக்கி, "அப்பா, ஒரு நிமிஷம். இப்ப பேசுறது நீங்களா, அவரா?" என்பாள். விமலா அடுப்படியிலிருந்தே சிரிப்பாள்.

"நான்தான்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறேன். யாரும் நம்புவதில்லை. ஆனாலும் சொல்லாமல் விடுவதில்லை.