மாமனார் மறுபடியும் ஓய்வு பெற்றார்

கேமராவின் அடிமூடியைத் திறந்த மாப்பிள்ளைக்கு ஒரு கணம் மூச்சு நின்று வந்தது. மெமரி கார்டு இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் இருட்டுதான் இருந்தது.

மூடினார். மறுபடி திறந்தார். இருட்டு அங்கேயேதான் இருந்தது. கேமராவைக் கவிழ்த்துத் தட்டினார். பிஸ்கட் தூள் விழுந்தது.

கார்டு எங்கேயும் தொலைந்து போகவில்லை. எதிரே, கம்ப்யூட்டரின் விலாவில், முந்தின நாள் சொருகிய இடத்திலேயே சொகுசாக இருந்தது. மழையில் நனைந்த ஒரு சைக்கிள் சீட்டைப் பல கோணங்களில் எடுத்த படங்கள் அதில் இருந்தன. அன்று காலை நடந்த மாமனாரின் பணி ஓய்வு விழா அதில் இல்லை. வேறு எதிலும் இல்லை.

அது மரியாதை தெரிந்த கேமரா. கார்டு இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லாது. பட்டனை அழுத்தினால் 'டிக்' என்னும். எடுத்த படத்தைத் திரையில் ஒரு நொடி காட்டும். பிறகு சுத்தமாக மறந்துவிடும். காலையிலிருந்து அது டிக் டிக்கென்று மறந்துகொண்டே இருந்திருக்கிறது.

வேறு யாராவது என்றால், "அடடா, தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். மாப்பிள்ளையால் முடியாது. மாமனார் வீட்டில் அவருடைய மதிப்பு அப்படி. சகலை வீடு கட்டிவிட்டார், கார் வாங்கிவிட்டார். டயர் கம்பெனி ஸ்டோரில் குப்பை கொட்டும் இவரிடம் காட்டிக்கொள்ள இருந்தது அந்தக் கேமரா ஒன்றுதான். அதை நம்பித்தான், மாமியார் ஏற்பாடு செய்திருந்த ஸ்டூடியோக்காரரை வேண்டாம் என்று மார்தட்டியிருந்தார்.

"எதுக்கு அத்தை ஸ்டூடியோக்காரன்? வரிசையா நிக்க வச்சு, 'சிரிங்க சிரிங்க'ன்னு சொல்லிச் சாகடிப்பான். நான் எடுத்தா படத்துல உயிர் இருக்கும்."

"குழந்தை பொறந்தநாளுக்கு எடுத்தீங்களே மாப்பிள்ளை, அதுல குழந்தையே இல்லையே?"

"அதுதான் கலை அத்தை. குழந்தையோட செருப்பு இருக்கும். பார்க்கிறவங்க குழந்தையை நினைச்சுக்கணும்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். "சரி, நீங்களே எடுங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து மாமியார் எதிர்த்துப் பேசாமல் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

புரியாத தலைகாலோடுதான் விழாவில் ஆடித் தீர்த்தார். நாற்காலிமேல் ஏறினார். மேடையில் குப்புறப் படுத்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டே ஹாலெல்லாம் சுற்றினார். போனைத் தூக்கியவர்களையெல்லாம், "போனை உள்ள வைங்க! லைட்டு கெடுது!" என்று அதட்டினார்.

"என்னங்க, படமெல்லாம் நல்லா வந்திருக்கா?" மனைவி ஈரத் தலையைத் துவட்டியபடி உள்ளே வந்தாள்.

மாப்பிள்ளை கேமராவை மடியில் கவிழ்த்துக்கொண்டார். "பிரமாதம். கொஞ்சம் கலர் மட்டும் சரி பண்ணணும்."

"நிதானமாப் பண்ணுங்க. யாருக்கும் ஒண்ணும் அவசரமில்ல."

என்ன ஒரு நம்பிக்கை! அதற்காகவாவது ஏதாவது செய்தாக வேண்டும்.

மறுநாள் மாமனாருடைய அலுவலக மேலாளருக்கு போன் போட்டார்.

"சார், விழாவுல நீங்க யாராவது போன்ல ரெண்டு மூணு படம் எடுத்திருந்தா..."

"எங்க எடுக்க விட்டீங்க? என் போனையே பிடுங்கி என் பையில போட்டீங்களே."

"ஒண்ணுகூட இல்லையா சார்?"

"ஒண்ணு இருக்கு. பாத்ரூம் கண்ணாடி முன்னால டை சரியா இருக்கான்னு எடுத்துப் பார்த்தேன். அனுப்பவா?"

அனுப்பினார். மேலாளரும் கைகழுவும் தொட்டியும் மிகத் தெளிவாக விழுந்திருந்தார்கள்.

இனி ஒரே வழிதான் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். ஆல்பத்தின் மேலட்டைக்குப் படம் வேண்டும் என்று சொல்லி, மாமனாரை அதே கோட்டு, அதே டையில் வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும். பின்னால் ஒரு திரையைக் கட்டினால் விழா மாதிரியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில், கேமராவும் கையுமாக, மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் மணியடித்தார்.

கதவைத் திறந்தவரை அடையாளம் தெரியவில்லை. "மாமா இருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"நான்தான் மாப்பிள்ளை."

மாமனாரின் மூக்குக்குக் கீழே வெட்டவெளியாக இருந்தது. மின்சார அலுவலகத்தில் பில் கட்டாதவர்களை நடுங்க வைத்த அந்த அடர்ந்த மீசையைக் காணோம்.

"மாமா... மீசை?"

"எடுத்துட்டேன். அது ஆபீசுக்காக வச்ச மீசை. இனிமே யாரை மிரட்டப் போறேன்? உங்க அத்தையை மிரட்ட முடியுமா?"

"முடியாது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மாப்பிள்ளை எச்சிலை விழுங்கினார். "ஆல்பம் மேலட்டைக்கு ஒரே ஒரு படம் வேணும் மாமா. மீசையோட."

"அன்னைக்கு அத்தனை எடுத்தீங்களே?"

"அதெல்லாம் உள்பக்கத்துக்கு."

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் மகளைப் பார்த்தார். மகள் விட்டத்தைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை ஆசைப்படுறார். ஒரு மீசைதானே, வச்சுக்கோங்க" என்றார் மாமியார்.

மனைவியின் புருவப் பென்சிலால் மீசை வரையப்பட்டது. வரைந்து முடித்தபோது மாமனார் மின்சார அலுவலக அதிகாரி போல இல்லை, போலீஸ் தேடுகிற ஆள்போல இருந்தார். மாப்பிள்ளை கொண்டு வந்திருந்த விளக்கு வேறு அடுப்பு மாதிரி காய்ந்தது. கோணம் பார்த்து முடிப்பதற்குள் மீசை வேர்வையில் இறங்கி முகவாய்க்கு வந்து குறுந்தாடி ஆகிவிட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் போனா கழுத்துல சங்கிலி ஆயிடும்" என்றார் மாமனார்.

மாப்பிள்ளை நாடக சாமான் வாடகைக் கடைக்கு ஓடினார்.

"ராஜா மீசை இருக்கு, திருடன் மீசை இருக்கு. எது வேணும்?" என்றார் கடைக்காரர்.

"ஆபீசர் மீசை இல்லையா?"

"ஆபீசரை வச்சு யாருங்க நாடகம் போடுறாங்க? ஜனம் எந்திரிச்சுப் போயிடும்."

திருடன் மீசைதான் சின்னதாக இருந்தது. அதை வாங்கிக் கத்தரித்தார். இடது பக்கம் கொஞ்சம் குறைந்துவிட்டது. சமன் செய்ய வலது பக்கத்தை வெட்டினார். வலது பக்கம் இன்னும் குறைந்துவிட்டது.

"மாப்பிள்ளை, இதோட நிறுத்திக்கோங்க. இதுக்கு மேல வெட்டினா புருவத்துக்குத்தான் ஆகும்" என்று மாமனார் தடுத்தார்.

ஒட்டியதும் ஓரளவு பழைய மாமனார் திரும்பி வந்தார். ஆனால் தனியாக ஒருவர் எத்தனை பக்கத்துக்கு நிற்க முடியும்? விழா என்றால் வாழ்த்துகிறவர் வேண்டும், பரிசு கொடுக்கிறவர் வேண்டும். புரட்டுகிற பக்கத்திலெல்லாம் மாமனார் மட்டும் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றால், வேலையை விட்டு நீக்கப்பட்டவரின் ஆல்பம் மாதிரி இருக்கும்.

மாப்பிள்ளை மறுபடியும் மேலாளரைப் பிடித்தார்.

"சார், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்கக் கூடாது. அன்னைக்கு உங்க சிரிப்பு சரியா அமையல."

"எனக்கே தெரியும்!" மேலாளர் துள்ளி எழுந்தது போனிலேயே கேட்டது. "கடைவாய்ப் பல்லுல வலி. இப்போ பிடுங்கியாச்சு. எப்போ வரட்டும்?"

"வர்ற ஞாயிறு. நீங்க மட்டும் வந்தாப் போதும் சார். அந்தப் பரிசை மறுபடியும் ஒரு தடவை கையில கொடுக்கிற மாதிரி..."

பரிசு ஒரு மீன் தொட்டி. ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போக வேண்டும் என்று அலுவலகப் பிரிவினர் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அதில் இரண்டு ஆரஞ்சு மீன்கள் இருந்தன. ஒன்று, விழாவுக்கு மறுநாளே தானும் ஓய்வு பெற்றுவிட்டது. மாப்பிள்ளை மீன் கடைக்குப் போனபோது கறுப்பு மீன்தான் இருந்தது. நிழல் விழுந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் அலுவலக வேன் வந்து நின்றது. முதலில் மேலாளர் இறங்கினார். பிறகு டைப்பிஸ்ட், கேஷியர், லைன்மேன்கள் என்று பிரிவு மொத்தமும் இறங்கியது.

"என்ன சார், உங்களை மட்டும்தானே..."

"எல்லாருமே சொல்றாங்க, அன்னைக்கு அவங்க சிரிப்பும் சரியில்லையாம்" என்றார் மேலாளர்.

மாடி வீட்டில் நாற்காலி கடன் வாங்கப்பட்டது. குளிக்க வெந்நீர் போடும் பெரிய பாத்திரத்தில் மாமியார் டீ போட்டார். மாமனார் கோட்டும் டையும் திருடன் மீசையுமாக நடுக்கூடத்தில் நின்றார். மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"சார், பேச்செல்லாம் வேண்டாம். படம் மட்டும்தான்" என்று கெஞ்சினார் மாப்பிள்ளை.

"பேசாம கொடுத்தா முகத்துல உணர்ச்சி வராது தம்பி. அன்னைக்கு நேரமில்லைன்னு சுருக்கிட்டேன். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

மனிதர் நிறுத்தவில்லை. முதல் மின்கம்பம் நட்ட கதையிலிருந்து ஆரம்பித்தார். விளக்கு காய்ந்தது. பசை இளகியது. மாப்பிள்ளை மட்டும் அதைக் கவனிக்கவில்லை. அவர் ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை கேமரா மூடியைத் திறந்து கார்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மேலாளர் மீன் தொட்டியைத் தூக்கி நீட்டினார். மாமனார் அதை வாங்கக் குனிந்தார். மீசை கழன்று தொட்டிக்குள் விழுந்தது.

தண்ணீரில் மீசை மெல்லக் கையைக் காலை விரித்து மிதந்தது. கறுப்பு மீன் வந்து மோந்து பார்த்துவிட்டு, சொந்தக்காரர் என்று நினைத்தோ என்னவோ, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டது.

கேஷியர் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ இத்தனை வருஷமா ஒட்டு மீசையா சார்?"

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் டைப்பிஸ்ட். "ஒருநாள் சார் தும்மும்போது ஆடுச்சுன்னு. யாராவது நம்புனீங்களா?"

"யோவ், அது சொந்த மீசைய்யா!" மாமனாருக்கு முகம் சிவந்துவிட்டது. "பிடிச்சு இழுத்தாக்கூட வராது!"

"இப்போ யாரும் இழுக்காமலே வந்துச்சே சார்" என்றார் ஒரு லைன்மேன் பணிவாக.

"நல்ல நடிகர் சார் நீங்க" என்று மேலாளர் தோளில் தட்டினார். "எத்தனை தடவை உங்க மீசையைப் பார்த்துப் பயந்து லீவு சாங்ஷன் பண்ணியிருக்கேன்!"

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. கார்டு போட மறந்தது நான், மீசையை ஒட்டச் சொன்னது நான், அந்த மனிதரின் மானத்தை மீன் தொட்டியில் போட்டதும் நான். "அது வந்துங்க..." என்று ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, டீ ஆறுது. சட்டுபுட்டுன்னு எடுத்து முடிங்க" என்று மாமியார் குறுக்கே வந்தார். டீ வடிகட்டியால் மீசையை அள்ளி எடுத்தார், உதறினார், கணவரின் உதட்டுக்கு மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். "ம், எடுங்க!"

மாமனாரின் கண்ணில் கொலைவெறி இருந்தது. அதனாலேயே மனிதர் அச்சு அசலாகப் பழைய அதிகாரிபோல இருந்தார். மாப்பிள்ளை எடுத்துத் தள்ளினார். மேலாளர் புதிதாகப் பல் பிடுங்கிய இடம் தெரியும்படி சிரித்தார். பிரிவு மொத்தமும் சிரித்தது. இந்த முறை யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேன் கிளம்பிப் போனதும் மாமனார் மீசையைக் கழற்றி மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார்.

"உழைச்சுச் சம்பாதிச்ச பேரு போச்சு மாப்பிள்ளை. நாளைக்கு ஆபீஸ் பூரா ஒட்டு மீசைக்காரன்னுதான் சொல்லுவான்."

"மாமா..."

"போகட்டும். உங்களுக்கு நாலு படம் நல்லா வந்தாச் சரி."

இப்படி ஒரு குடும்பம் யாருக்குக் கிடைக்கும்? ஒரு கேள்வி கேட்டார்களா? ஒருநாளாவது 'ஆல்பம் எங்கே' என்று நச்சரித்தார்களா? இவர்களுக்காகவாவது இந்த ஆல்பம் ஊரில் யாரும் இதுவரை பார்த்திராத ஆல்பமாக இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை அங்கேயே சபதம் செய்துகொண்டார்.

அந்தச் சபதத்துக்காக, ஸ்டூடியோ வாசலை மிதிப்பதில்லை என்ற பழைய சபதத்தை விட வேண்டியிருந்தது. நல்ல தாளில் அச்சுப் போட்டு அட்டை கட்டித் தருகிற இடம், மாமியார் முதலில் ஏற்பாடு செய்திருந்த அந்த ஸ்டூடியோ ஒன்றுதான். மறுநாள் மாலை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். நல்லவேளை, முதலாளி வெளியே போயிருந்தார். படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்கிற அக்கா மட்டும் இருந்தார்.

"ஆல்பம் போடணும். எங்க மாமனாரோட பணி ஓய்வு விழா. எல்லாம் நானே எடுத்தது" என்று கார்டை நீட்டினார்.

அக்கா படங்களைத் திறந்தார். முதல் படத்தைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டாவதைப் பார்த்தார். மாமனாரைப் பெரிதாக்கிப் பார்த்தார், மாமியாரைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி மாப்பிள்ளையை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார்.

மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் இன்னொரு தொழில்காரனின் அருமை தெரியும்.

"எப்படிங்க இருக்கு?"

"சார், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

ஒன்றும் புரியாமல் மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"அட, நீங்கதானா அது!" என்றார் அக்கா. "அன்னைக்கு விழா பூரா எங்க முதலாளி உங்களுக்குப் பின்னாலேயே நின்னுதான் எடுத்தாரு; இந்தக் கண்ணாடி போட்ட அம்மா ஆல்பத்தை வாங்கிட்டுப் போயே ஒரு வாரமாச்சு, ஒவ்வொரு படத்துலயும் குறுக்க நின்ன இந்த முதுகை அழிக்கிறதுக்குள்ள என் கண்ணே போயிடுச்சு சார்!"